குதிகாலால் டிரம்பெட் வாசித்தவர்

நெலிடா ஃபரோஞான் கீபோர்டில் தனி வாசிப்பைத் தொடங்கினால் போதும், செகுண்டோ யோன்டோப்பின் இடது கை தானாகக் கீழே இறங்கும். பொங்கி வரும் பானையை அமுக்குவதுபோல உள்ளங்கை தரையைப் பார்த்து அசையும். குறை, குறை, இன்னும் குறை. சிக்லாயோ நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், ஞானஸ்நானம், புனிதர் திருவிழா என்று எதுவானாலும் கும்பியா ஆட 'லா ப்ரீசா' குழுவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் பல இடங்களில் இந்தக் கையசைப்பைப் பார்த்துப் பார்த்து, இளவட்டங்கள் அதையும் ஓர் ஆட்ட அடவு என்று நினைத்துக்கொண்டார்கள். நெலிடா விரலை ஓட்ட, மேடையில் ஒருவர் கையை அமுக்க, கீழே நூறு பேர் அதேபோல அமுக்குவார்கள். செகுண்டோவுக்கு அதில் பெருமைதான்.

குழு அவருடையது. வண்டி அவருடையது, ஒலிபெருக்கிகள் அவருடையவை. வண்டியின் பக்கவாட்டில் அவர் வெள்ளைக் கோட்டோடு சிரிக்கும் படம், அதன் கீழே 'வடக்கின் வானம்பாடி' என்ற பட்டம். மற்றவர்கள் எல்லாம் வானம்பாடி உட்காரும் கிளைகள் என்பது அவருடைய கணக்கு. போதாததற்கு, சமீபத்தில் இரண்டு காதிலும் செருகிக்கொள்ளும் கருவி ஒன்று வாங்கியிருந்தார். அதில் தன் குரல், கொஞ்சம் எதிரொலி தூவி, பின்னால் தாளம், இவை மட்டும் கேட்டால் போதும் என்று ஒலிக்காரரிடம் சொல்லிவிட்டார். ஆகவே மேடையில் நெலிடா என்ன வாசிக்கிறாள் என்பதே அவர் காதில் விழுவதில்லை. விழாத சத்தத்தைத்தான் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபெரெஞாஃபேயில் ஒரு ஞானஸ்நானத்தில்தான் வினை வந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் குழந்தையின் ஞானத்தாய், நல்ல வாட்டசாட்டமான பெண்மணி, விசிறியால் வீசிக்கொண்டே மேடையேறி வந்தாள். செகுண்டோ கையை நீட்டிக்கொண்டு, கன்னத்தையும் தயாராகச் சாய்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தூண்போலச் சுற்றிக் கடந்துபோய் நெலிடாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள்.

"என்னா வாசிப்பு தாயி! என் முட்டிவலி போன இடம் தெரியல!"

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் செகுண்டோ தன் தலைமுடியைத் தடவிக்கொண்டார். திரும்பும் வழியிலும் வண்டியில் அதே தடவல்தான். திம்பாலே மேளம் அடிக்கும் டெயோஃபிலோ பின் இருக்கையிலிருந்து, "அக்கா, எனக்கும் இந்த முழங்கை வலி..." என்று ஆரம்பித்தான். நெலிடா அவன் காலை மிதித்தாள்.

அடுத்த ஒத்திகையில் செகுண்டோ அறிவித்தார்.

"ஒரு பெடல் வாங்கறோம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற பெடல்."

நெலிடாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை காலமாக அவள் ஆசைப்பட்டது. இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும்போது சத்தத்தை ஏற்றி இறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"ரொம்ப நன்றி மாஸ்டர். என் கீபோர்டுக்கா?"

"உன் கீபோர்டுக்குத்தான். ஆனா என் காலுக்கு."

"என்னது?"

"பெடல் என் மைக்குக்குக் கீழ இருக்கும். நீ எப்பக் கத்தணும், எப்ப வாயை மூடணும்னு இனிமே என் கால் சொல்லும். கை வலிக்குது பொண்ணே, எத்தனை வருஷமா ஆட்டிக்கிட்டே இருக்கறது?"

டெயோஃபிலோ சிரிப்பை அடக்க முடியாமல் தாளக் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

சிக்லாயோ பெரிய சந்தைக்கு அருகில் ஓர்தென்சியா புய்கோனின் வாத்தியக் கடை. கண்ணாடியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு, அதையே கடை முழுக்கத் தேடும் பெண்மணி அவள். ஆனால் எந்த ஒயர் எந்தத் துளையில் போகும் என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. செகுண்டோ உள்ளே நுழைந்ததும் அலமாரியில் பளபளத்த ஓர் எஃகுப் பெடலைக் கையில் எடுத்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. முகமும் பார்த்துக்கொண்டார்.

"இதுதான். கனமா இருக்கு, கௌரவமா இருக்கு."

"அது கிதாருக்கு மாஸ்டர்," என்றாள் ஓர்தென்சியா. "கீபோர்டை அதுல செருகினா, முக்கால்வாசி மிதிக்கற வரைக்கும் ஒண்ணும் கேக்காது. கடைசியில திடீர்னு ஆள் மேல பாயும்."

"அப்ப கீபோர்டுக்குன்னு இருக்கறதைக் காட்டு."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று அகலமானது, பின்னால் நான்கு துளைகள். "இது வால்யூம் பெடல். கீபோர்டுலேர்ந்து வர்ற சத்தம் இதுக்குள்ள பூந்து இந்தப் பக்கம் வெளிய போகும். குழாய்ல திருகு வெச்ச மாதிரி. இடது வலதுன்னு ரெண்டு சத்தம் இருக்கறதால உள்ள ரெண்டு ஒயர், வெளிய ரெண்டு ஒயர்." இன்னொன்று ஒல்லியானது, ஒரே ஒரு ஒயர். "இது எக்ஸ்பிரஷன் பெடல். இதுக்குள்ள சத்தமே போகாது. கால் எங்க இருக்குன்னு கீபோர்டுக்கு சேதி மட்டும் சொல்லும். அந்த சேதியைக் கேட்டு சத்தத்தைக் குறைக்கறதோ, வேற ஏதாவது பண்றதோ, கீபோர்டுல எப்படி வெச்சிருக்கோமோ அப்படி."

செகுண்டோ அந்த நேரத்தில் சுவரில் தொங்கிய மராக்காஸ் கிலுகிலுப்பையை எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெலிடா குலுக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். குழாயில் திருகு வைத்தால், திருகு யார் காலடியிலோ தண்ணீர் அவருக்குத்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த ஒல்லிப்பிச்சான் வெறும் தூதன். சேதி கொண்டுவருவதோடு அவன் வேலை முடிந்தது. கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது கீபோர்டின் இஷ்டம். கீபோர்டு நெலிடாவின் இஷ்டம்.

"மாஸ்டர்," என்றாள், தேவாலயத்தில் பேசுகிற குரலில். "அந்தப் பெரிய பெடல்னா நாலு ஒயர் உங்க காலைச் சுத்திக் கிடக்கும். நீங்க சுழன்று ஆடறவரு. தடுக்கி விழுந்தீங்கன்னா வடக்கே அழுவும். இது ஒரே ஒயர். நீளமா ஒண்ணு போட்டா மேடை ஓரமாவே கொண்டுவந்துடலாம்."

ஓர்தென்சியா தலையிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு நெலிடாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு பெடலைக் கடையிலிருந்த ஒரு கீபோர்டில் செருகினாள்.

செகுண்டோ சோதித்துப் பார்த்தார். முன்பாதத்தை அழுத்தினால் சத்தம் வந்தது. குதிகாலை அழுத்தினால் மறைந்தது. நெலிடா ஒரு மெட்டு வாசிக்க, அவர் பாதியில் குதிகாலை இறக்கினார். மெட்டு அந்தரத்தில் நின்றது. மறுபடி ஏற்றினார், மறுபடி வெட்டினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, அவருடைய சொந்தக் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

"காலைத் தூக்கினாலும் வெச்ச இடத்துல நிக்குதே!"

"கொஞ்சம் இறுக்கமான ஜாதி மாஸ்டர். தொளதொளன்னு இருக்கறது மேடைக்கு ஆகாது," என்ற ஓர்தென்சியா, பெடலைத் திருப்பி அடியில் இருந்த சின்ன சுவிட்சை நெலிடாவிடம் காட்டினாள். "கம்பெனிக்குக் கம்பெனி உள்ள கம்பியை மாத்தி இழுத்திருப்பாங்க. எப்பவாவது தலைகீழா வேலை செஞ்சா இதைத் தள்ளிவிடு. முன்னால அமுக்கினா குறையும், பின்னால அமுக்கினா கூடும்னு ஆயிடும். கவனம் தாயி."

"கவனமா இருப்பேன் அக்கா," என்றாள் நெலிடா. மிகவும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

முதலில் அவள் நேர்மையாகவே நடந்துகொண்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். லம்பாயேக்கேயில் நடந்த கல்யாணத்தில் பெடல் எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படியே செய்ய விட்டாள். விளைவு கேவலமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் அவளுடைய தனி வாசிப்பு வரும் இடத்தில் செகுண்டோ குதிகாலை இறக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றார். வெறும் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி விழித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மின்சாரம் போய்விட்டதோ என்று பியூஸைப் பார்க்கப் போனார். நெலிடா ஊமைக் கட்டைகளைத் தட்டிக்கொண்டு, சொல்ல முடியாத ஆத்திரத்தோடு நின்றாள். செகுண்டோ அந்த முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். பெடல் வேலை செய்கிறது என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சி.

"மாஸ்டர், ஆட்டமே நின்னு போச்சு," என்று பிறகு சொல்லிப் பார்த்தாள்.

"நிசப்தமும் சங்கீதம்தான் நெலிடா. ரசிக்கத் தெரியணும்."

அதற்கு மேல் அவளுக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

மொன்செஃபூ கல்யாணத்துக்கு முன்னால் கீபோர்டை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெடலுக்கும் சத்தத்தின் அளவுக்கும் இருந்த உறவை முதலில் அறுத்தாள். கீபோர்டில் அவள் வாசிக்கும் ஆர்கன் ஒலி இனி எப்போதும் முழு அளவில் நிற்கும். அதன் மேல் டிரம்பெட் ஒலி ஒன்றை அடுக்கி, அதைப் பெடலோடு கோத்தாள். திசையைத் தலைகீழாக்கினாள். முன்பாதம் இறங்கியிருந்தால் டிரம்பெட் இல்லை. குதிகால் இறங்கினால், அவள் வாசிக்கும் சுரங்களோடு ஒரு டிரம்பெட் கூட்டமே சேர்ந்து முழங்கும். விஷயத்தை டெயோஃபிலோவிடம் மட்டும் சொன்னாள்.

"அக்கா, உனக்கு நரகத்துல தனி ரூம்," என்றான் அவன் பக்தியோடு.

மத்தியான வெயிலில் பந்தலுக்குக் கீழே வாத்துக்கறிச் சோறும் சோளக் கள்ளான சிச்சாவும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது பாட்டில் நெலிடாவின் முறை வந்தது. அவள் வாசிக்கத் தொடங்கினாள். செகுண்டோ வழக்கம்போலப் புன்னகைத்துக் குதிகாலை இறக்கினார்.

டிரம்பெட்டுகள் வெடித்தன.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்தார்கள். டிரம்பெட்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று சிலர் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். மணப்பெண் விசிலடித்தாள். காது இரண்டையும் அடைத்துக்கொண்டு, தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த செகுண்டோ இந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்தார். திரும்பி நெலிடாவைப் பார்த்தார். அவள் லம்பாயேக்கே முகத்தை, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, தாயை இழந்தவள்போல வைத்துக்கொண்டிருந்தாள். அவர் காலை ஏற்றினார், கூச்சல் தணிந்தது. இறக்கினார், மறுபடி எழுந்தது.

பாட்டு முடிந்ததும் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "பாத்தியா? உன் வாயை அடைச்சதும் ஜனங்க எப்படிக் குதிக்கறாங்கன்னு!"

"பாத்தேன் மாஸ்டர்," என்றாள் நெலிடா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. டெயோஃபிலோவுக்குச் சிச்சா புரையேறியது.

அதன் பிறகு செகுண்டோவின் காலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பாட்டிலும், தனி வாசிப்பு இல்லாத இடங்களில்கூட, குதிகால் இறங்கி இறங்கி ஏறியது. நெலிடா எதிர்பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. அந்த மனிதர் சரியான இடத்தில் மிதித்தார். என்ன இருந்தாலும் வாழ்நாள் முழுக்கப் பாடியவர். மூச்சு எங்கே விட வேண்டும், வார்த்தை எங்கே முடிய வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறியிருந்தது. டிரம்பெட் பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல வந்து, கேள்வி வரும்போது விலகி நின்றது. ஆத்திரத்தில் ஆரம்பித்தவள், தன்னையறியாமலே அவர் காலுக்கு இடம்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். வெறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் விரல்களுக்கு வெறுப்பு தெரியவில்லை.

யாரோ ஒருவர் அதைக் கைபேசியில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அடுத்தடுத்த விழாக்களில் ஆண்கள் ஆடுவதை விட்டுவிட்டு மேடை விளிம்பில் வந்து குந்தினார்கள். எல்லோர் கண்ணும் செகுண்டோவின் பாதத்தில். அவருக்கு அதற்கும் காரணம் தெரிந்தது.

"ஷூவைப் பாக்கறாங்கப்பா. நல்ல தோலுக்கு இருக்கற மரியாதையே தனி."

மறு வாரமே ஓரங்களில் தங்க நூல் ஓடும் வெள்ளை ஷூ ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். குழுவில் இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவர் ஷூவைத் துடைக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொள்வார்கள்.

உள்ளூர் வானொலியில் மரிட்சா என்ற பெண் நடத்தும் காலை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, நெலிடாவும் கூடவே போனாள். டெயோஃபிலோவும் வந்தான், வேடிக்கையை விட அவனுக்கு மனமில்லை. செகுண்டோ தங்க நூல் ஷூவோடு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"நேயர்களே, இன்னைக்கு நம்ம கூட வடக்கின் வானம்பாடி! முதல்ல, ஊரே பேசற அந்தச் சங்கதியைக் கேட்டுட்டு வந்துடலாம்," என்றாள் மரிட்சா, ஒரு பொத்தானை அழுத்தி.

மொன்செஃபூ கல்யாணம் அவருடைய ஹெட்போனுக்குள் ஒலித்தது. அவருடைய குரல், தாளம், பிறகு நெலிடாவின் ஆர்கன், குறையாமல் மங்காமல். அதன் மேல் டிரம்பெட்டுகள். செகுண்டோவின் புன்னகை முகத்தில் அப்படியே நின்றது, உள்ளேயிருந்து ஆள் மட்டும் வெளியே போய்விட்டதுபோல. மரிட்சாவின் கணினித் திரையில் படமும் ஓடிக்கொண்டிருந்தது. கால் இறங்குகிறது, டிரம்பெட். கால் ஏறுகிறது, டிரம்பெட் இல்லை. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற நெலிடாவைப் பார்த்தார். டெயோஃபிலோ அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"சொல்லுங்க செகுண்டோ ஐயா," என்றாள் மரிட்சா, "காலால டிரம்பெட் வாசிக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

செகுண்டோ தொண்டையைச் செருமினார்.

"இதெல்லாம் கத்துக்கிட்டு வர்றதில்லம்மா. ஆண்டவன் சில பேருக்குத் தொண்டையைக் குடுப்பான். சில பேருக்குக் குதிகாலையும் சேத்துக் குடுப்பான்."

நிகழ்ச்சி முடியும்வரை குதிகாலைப் பற்றியே பேசினார். தினம் ஆலிவ் எண்ணெய் தடவுவதாகவும், வெறுங்காலோடு பிமென்டல் கடற்கரை மணலில் ஓடுவதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நெலிடா எதிரில் நின்றாள். வேலை போனதுதான் என்று அவள் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மொன்செஃபூலேர்ந்து மாஸ்டர்."

"அப்ப அந்த ஜனங்க கத்தினதெல்லாம்..."

"உங்க காலுக்குத்தான்."

"பாட்டுக்கு இல்ல?"

நெலிடா அவருடைய ஷூவைப் பார்த்தாள். "பாட்டுக்கும்தான் மாஸ்டர்!" என்று டெயோஃபிலோ முந்திக்கொண்டான். ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் முந்தினான்.

செகுண்டோ ஷூவின் தங்க நூலை நிமிண்டிக்கொண்டிருந்தார். "உன்னை இப்பவே விரட்டலாம். விரட்டணும். ஊரு சிரிக்க வெச்சிருக்க."

"ஊரு சிரிக்கல மாஸ்டர். ஊரு ஆடுது."

அவர் நிமிண்டுவதை நிறுத்தினார். பிறகு, அவரிடமிருந்து அவள் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார். "சரியான இடத்துலதான் மிதிச்சேனா?"

பொய் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை என்பது நெலிடாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஒரு தடவைகூடத் தப்பல மாஸ்டர். கேக்காமயே அப்படி மிதிச்சீங்க. கேட்டு மிதிச்சா எப்படி இருக்கும்னுதான் யோசிக்கறேன்."

"அப்படியா சொல்ற?"

"உங்க காதுல என் சத்தத்தையும் விடச் சொல்லுங்க. உங்க டிரம்பெட் உங்களுக்கே கேக்கட்டும்."

'உங்க டிரம்பெட்' என்ற வார்த்தை அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைப் பார்த்த நெலிடா, சமயத்தை விடவில்லை. தனக்கென்று இன்னொரு பெடல், தன் காலடியில், தன் சத்தத்துக்கு. அதில் யாரும் தலையிடக் கூடாது. சுவரொட்டியில் தன் பெயர், அவர் பெயருக்கு இருக்கும் அதே அளவு எழுத்தில். இரண்டையும் அந்தப் படிக்கட்டிலேயே வாங்கிக்கொண்டாள். கீபோர்டில் இரண்டு பெடல் செருக இடமிருந்தது அவள் அதிர்ஷ்டம். இரண்டாவது பெடல் வந்த பிறகு அவளுடைய வாசிப்பு ஒரு கோடியில் கிசுகிசுத்து மறுகோடியில் பந்தலைத் தூக்கியது. நடுவில் எத்தனையோ படிகள். அத்தனை படியையும் தன் காலாலேயே ஏறி இறங்கினாள்.

செகுண்டோவின் தொல்லை ஒழிந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒத்திகைக்குக் கடைசியாக வருபவர், இப்போது முதல் ஆளாக வந்து பெடலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் டிரம்பெட்டுக்கு நீ இடமே விடல நெலிடா," என்று குறைபட்டுக்கொண்டார். காற்று வாத்தியத்தின் நுணுக்கங்களைப் பற்றி டெயோஃபிலோவுக்குப் பாடம் எடுத்தார். பாட்டின் நடுவே பாடுவதை நிறுத்திவிட்டு, காலை அந்தரத்தில் தூக்கி, கூட்டம் "கால்! கால்!" என்று கெஞ்சும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் நெலிடா இரண்டு கையையும் கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு, அவர் காலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் ஒத்திகை நடக்கும்போது, பியுராவிலிருந்து வந்த ஓர் ஆள் வாசலில் நின்றார். பளபளக்கும் உண்மையான டிரம்பெட் ஒன்று அவர் கக்கத்தில் இருந்தது. குழுவில் சேர்த்துக்கொள்வீர்களா என்று பணிவாகக் கேட்டார். இரண்டு வரி வாசித்தும் காட்டினார். கண்ணீர் வருமளவுக்கு வாசித்தார்.

செகுண்டோ கடைசி வரை கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டி ரசித்தார். பிறகு எழுந்துபோய் அந்த மனிதரின் தோளில் பரிவோடு கைவைத்தார்.

"நல்லா வாசிக்கறீங்க தம்பி, ரொம்ப நல்லா. ஆனா என்ன செய்யறது, எங்க குழுவுல டிரம்பெட்டுக்கு ஆள் இருக்கு."